தளை போடாத ஞானத்தாய்

எலாதியோ குவாக்கின்சாய்க்கு ஐம்பத்தெட்டு வயதில் இருந்த சொத்து என்று பார்த்தால், சுமை தூக்க எட்டு கோவேறு கழுதைகள், அவர் ஏறிப் போக ஒன்பதாவதாக ஒன்று, கழுத்தில் மணி கட்டிய ஒரு கிழட்டு வெள்ளைக் குதிரை, மலையடிவாரத்துப் பர்ரியால் ஊரில் காற்றடித்தால் கூரை படபடக்கும் ஒரு வீடு. உறவு என்று கேட்டால் ஒரு தம்பி. அந்தத் தம்பியை இருக்கிறான் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா என்பதில் அவருக்கே பதினொரு வருடமாகக் குழப்பம்.

டிசம்பரில், அந்த நாட்டுக் கோடை தொடங்கி மலையில் பனி விலகியதும், நகரங்களிலிருந்து ஆட்கள் நடக்க வருவார்கள். ஆறு நாள் நடை. ஏழு இடத்தில் ஆற்றைக் கடக்க வேண்டும். நடுவில் ஒரு கணவாய். அங்கே நின்றால் பேசுவதற்கு மூச்சு பத்தாது. நடப்பது அவர்கள் பாடு, சுமப்பது கழுதைகள் பாடு. வழி காட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் முன்னால் போவது எலாதியோ பாடு. ஆறாம் நாள் சாலைக்கு வந்து சேர்ந்ததும் அத்தனை பேரும் அவரைக் கட்டிப்பிடிப்பார்கள், சிலர் அழக்கூடச் செய்வார்கள், போட்டோ அனுப்புகிறோம் என்று சத்தியம் செய்வார்கள். வண்டி போனதும் தூசி அடங்கும்வரை நின்று பார்த்துவிட்டு, அவர் கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டப் போவார். ஒரு போட்டோவும் வந்ததில்லை. அதை அவர் குறையாகச் சொன்னதும் இல்லை. ஆனால் தபால்காரர் கதவைத் தட்டினால், மின்சார ரசீதுதான் என்று தெரிந்திருந்தும், கையைத் துடைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத்தான் வருவார்.

கல்யாணம் ஆகவில்லை. ஊர் ரொட்டிக்கடைப் பெண் ஒருத்தி இரண்டு கோடைக்காலம் அவருக்காகக் காத்திருந்தாள். மூன்றாவது கோடையில் அவர் மலையிலிருந்து இறங்கி வந்தபோது லாரிக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். யாரைக் குறை சொல்ல? கோடை முழுவதும் மேலே கிடக்கிற மனிதனுக்கு யார் சோறு ஆறாமல் வைத்திருப்பார்கள்?

அந்தப் பள்ளத்தாக்கின் ஆற்றுக்குச் செவிடி என்று பெயர். பகலில் தொண்டை கிழியக் கத்தினாலும் அதன் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. விடியற்காலையில் மட்டும் அடங்கிக் கிடக்கும். மேலே பனியில் வெயில் பட்டு உருகிய நீர் இறங்கி வர நேரம் பிடிக்குமல்லவா? வெயில் ஏற ஏறத் தண்ணீரும் ஏறும். மத்தியானத்தில் செம்மண் கலங்கி, அடியில் பாறைகள் உருளும் சத்தத்தோடு வரும். அந்த நேரத்தில் இறங்குகிறவன் ஒன்று புதிதாக வந்தவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வாழ்க்கை வெறுத்தவனாக இருக்க வேண்டும். அதனால் விடிந்ததும் கடந்துவிடுவார்கள். ஆட்களைக் கழுதைமேல் ஏற்றிவிட்டு எலாதியோ எல்லோரிடமும் ஒரே வார்த்தைதான் சொல்வார். "தண்ணியப் பாக்காதீங்க, தலை சுத்தும். அக்கரையப் பாத்துக்கிட்டே இருங்க."

இனி அந்த வெள்ளைக் குதிரை. பெயர் பலோமா. கோவேறு கழுதைக்குக் குட்டியும் கிடையாது, குடும்பமும் கிடையாது. அதனாலோ என்னவோ, ஒரு பெண்குதிரையோடு பழகிவிட்டால் அதுவே அவற்றுக்குத் தாய். அதன் கழுத்து மணி எங்கே கேட்கிறதோ அங்கேதான் அவை மேயும், அங்கேதான் படுக்கும், அதன் பின்னால் எந்த ஆற்றிலும் இறங்கும். மலைச்சுமைக்காரர்கள் அப்படிப்பட்ட குதிரையை ஞானத்தாய் என்பார்கள். அதன்மேல் யாரும் ஏறுவதில்லை, சுமை வைப்பதில்லை. இராத்திரியில் அதன் முன்னங்கால்களுக்கு மட்டும் தோல்தளை போட்டுவிட்டால் போதும். தாய் நகராது, பிள்ளைகளும் நகரமாட்டார்கள். ஒன்பது கழுதைகளைக் கட்ட ஒரு சாண் தோல்.

அண்ணன் தம்பி சண்டைக்கும் அவள்தான் காரணம். அவள் என்ன செய்வாள், பாவம்.

அப்பா இறந்தபோது எட்டு கழுதைகளை ஆளுக்கு நாலாகப் பிரித்தார்கள். குதிரை ஒன்றுதான். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அது அண்ணன் பக்கம் விழுந்தது. தம்பி செவேரோ முகம் சுளிக்கவில்லை. புதிதாக ஒரு செங்குதிரை வாங்கினான், பளபளவென்று பித்தளை மணி கட்டினான், தன் நாலு கழுதைகளையும் அதோடு சேர்த்து இரண்டு வாரம் பட்டியில் அடைத்துப் பழக்கினான். பிறகு செவிடிக்கு அக்கரையில் புல்வெளிக்குக் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டான். மறுநாள் விடியலில் நாலும் ஆற்றை நீந்தி, இக்கரையில் அண்ணனோடு இருந்த பலோமாவிடம் வந்து நின்றன. வந்து பிடித்துக்கொண்டு போனான். திரும்பி வந்தன. மறுபடியும் பிடித்துக்கொண்டு போனான். மறுபடியும் வந்தன.

மூன்றாம் தடவை அவன் நனைந்த உடையோடு வந்தபோது, எலாதியோ வேறு சுமைக்காரர்கள் நாலைந்து பேரோடு உட்கார்ந்து மாத்தே என்கிற இலைப் பானம் குடித்துக்கொண்டிருந்தார். "அதுங்க கால்ல நடந்து வந்துச்சுடா. நானா கயிறு கட்டி இழுத்தேன்?" என்று சொல்லிச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று எலாதியோ இன்றைக்கும் சொல்வார். இருக்கலாம். செவேரோ கழுதைகளைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வெறுங்கையோடு ஆற்றில் இறங்கிவிட்டான். அதோடு சுமைத் தொழிலை விட்டான். ஆடு வாங்கினான். உஸ்பயாதா பக்கம் பெண் கட்டி, நாலு நாள் நடைக்கு அப்பால் இருக்கும் மாமனார் ஊரில் போய்க் குடியேறிவிட்டான். ஆனால் கோடையில் ஆட்டை ஓட்டிக்கொண்டு அதே புல்வெளிக்குத்தான் வந்தான். வேறு புல்வெளியே இல்லாத மாதிரி.

எலாதியோவின் பாதை அந்த இடத்தில் இக்கரையோடு போகும். போகும்போது ஒரு இரவு, வரும்போது ஒரு இரவு, சரியாகத் தம்பியின் கல்வீட்டுக்கு எதிரில்தான் கூடாரம் அடிப்பார். அங்கேதான் நல்ல புல், அங்கேதான் ஊற்று என்று காரணம் சொல்வார். ஒரு கோடைக்குப் பத்துப் பன்னிரண்டு சாயங்காலம் எதிர்க்கரையில் புகை எழுவதைப் பார்ப்பார். புகை தெரிந்த பிறகுதான் தன் அடுப்பை மூட்டுவார். மாத்தே என்பது ஒரே குடுவையை ஆள்மாற்றி ஆள் வாங்கி உறிஞ்சும் பானம். தனியாகக் குடிப்பவன் தனக்குத்தானே ஊற்றி, தானே வாங்கிக் குடிக்க வேண்டும். எலாதியோ அப்படித்தான் குடித்தார். யார் முதலில் பேசுவது என்பதுதான் பிரச்சினை. சிரித்தவன் பேசட்டும் என்று தம்பி இருந்தான். கோபித்துக்கொண்டு போனவன் வரட்டும் என்று அண்ணன் இருந்தார். பதினொரு கோடை அப்படியே போயிற்று.

பன்னிரண்டாம் கோடையில், பிப்ரவரி மாதம், ரொசாரியோ நகரத்திலிருந்து ஒரு பல் டாக்டரம்மாவும் அவள் கணவரும் நடக்க வந்திருந்தார்கள். டாக்டரம்மா பெயர் நெலிதா. சும்மா இருக்கத் தெரியாத பெண்மணி. கணவர் எக்தோர், சும்மா இருக்க மட்டும் தெரிந்தவர். கணவாய் ஏறி இறங்கி, திரும்பும் வழியில் ஐந்தாம் நாள் இரவு தம்பி வீட்டுக்கு எதிரில் தங்கினார்கள்.

அன்று பலோமாவின் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தபோது தளை உராய்ந்து தோல் வழன்று ரத்தம் கசிந்திருந்தது. எலாதியோவுக்கு மனசு கேட்கவில்லை. கொழுப்பைத் தடவினார். "இருபத்துமூணு வயசுக் கெழவி, நீ எங்கடி போகப் போற?" என்று சொல்லித் தளை போடாமல் விட்டுவிட்டார். ஏறிப் போகும் கழுதையை மட்டும் வழக்கம்போல ஒரு புதரில் கட்டினார்.

சத்தம் கேட்டு விழிப்பவர்கள் உண்டு. சுமைக்காரன் சத்தம் நின்றால் விழித்துக்கொள்வான். விடியலில் எலாதியோ எழுந்து உட்கார்ந்தார். பக்கத்தில் மணி கேட்கவில்லை. புதர் இருந்த இடத்தில் குழி இருந்தது. கழுதை புதரை வேரோடு பிடுங்கிக்கொண்டு போயிருந்தது.

டாக்டரம்மா கூடாரத்திலிருந்து தலையை நீட்டினாள். "என்னய்யா, மணிச் சத்தத்தையே காணோம்?"

"கேக்குது டாக்டரம்மா. அக்கரையில கேக்குது."

அக்கரையில் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் பலோமா நின்றிருந்தது. சுற்றி ஒன்பது கழுதைகளும் நின்றன, ஒன்றின் கயிற்றில் புதர் தொங்கிக்கொண்டிருந்தது. செவேரோ குதிரையின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தான். பதினொரு வருடத்தில் தம்பியின் தலை நரைத்துவிட்டதை எலாதியோ அப்போதுதான் வெளிச்சத்தில் பார்த்தார்.

"சரி, ஆள் இருக்காருல்ல, கூப்பிடுங்க" என்றாள் டாக்டரம்மா.

"கூப்பிடலாம்."

கூப்பிடவில்லை. தொப்பியைச் சரிசெய்தார். ஒரு கல்லைக் காலால் நகர்த்தினார்.

"தண்ணி எப்ப ஏறும்?"

"ஒரு மணி நேரத்துல."

"அதுக்கப்புறம்?"

"நாளைக்கு விடியக்காலைலதான்."

"நாளைக்கா! இன்னிக்கே எங்கள அழைச்சிட்டுப் போக ரோட்டுல வண்டி வந்து நிக்கும். தின்ன என்ன மிச்சமிருக்கு தெரியுமா? நாலு பிஸ்கட்டு. அதுலயும் ரெண்டு இவரு தலைமாட்டுல ஒளிச்சு வெச்சிருக்காரு."

கழுதைகள் இல்லாமல் நடந்தே போய்விடவும் முடியாது. கீழே இன்னும் இரண்டு இடத்தில் ஆற்றைக் கடக்க வேண்டும். அங்கெல்லாம் மனிதன் கால் ஊன்ற முடியாது. இதெல்லாம் எலாதியோவுக்குத் தெரியாததா? தெரிந்தும் வாயில் கொழுக்கட்டையை அடைத்தவர்போல நின்றார்.

டாக்டரம்மாவே கரைக்குப் போய்க் கையைக் குவித்துக் கத்தினாள். "ஏங்க! அந்தக் குதிரைய இந்தப் பக்கம் அனுப்புறீங்களா?"

செவேரோ நிமிர்ந்தான். "யாரோட குதிரை?"

"எலாதியோ ஐயாவோடது!"

"அப்படியா? ஏன், அவருக்கு வாய் இல்லையா?"

டாக்டரம்மா மெதுவாகத் திரும்பினாள். எலாதியோவின் முகத்தைப் பார்த்தாள், அக்கரை முகத்தைப் பார்த்தாள். ஒரே மூக்கு, ஒரே தாடை. "அண்ணன் தம்பியா?" என்றாள்.

"ம்."

"எத்தனை வருஷமா?"

"பதினொண்ணு."

"நல்லாருக்கு. ஐயா, வாயத் தொறங்கன்னு சொல்றதுதான் முப்பது வருஷமா என் பொழப்பு. தொறங்க."

எலாதியோ தண்ணீர் விளிம்புவரை போனார். "செவேரோ!" என்றார். முதல் தடவை குரல் வரவில்லை. இரண்டாம் தடவை உடைந்து வந்தது. மூன்றாவதுதான் அக்கரையைத் தொட்டது. "செவேரோ! குதிரைய அனுப்புடா!"

தம்பி குதிரையின் பிடரியைக் கோதிவிட்டான். பிறகு நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கூவினான். "அதுங்க கால்ல நடந்து வந்துச்சு. நானா கயிறு கட்டி இழுத்தேன்?"

டாக்டரம்மாவுக்கு அது விளங்கவில்லை. எலாதியோவுக்கு விளங்கியது.  பதினொரு வருடத்துக்கு முன்னால் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. அதுவும் நனைந்த உடையோடு, நாலு பேர் சிரிக்க.

மன்னிப்பை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டுப் போவதுதான் மனிதனுக்கு வசதி. செவிடி அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவர் தொண்டை நரம்பு புடைக்கக் கத்த வேண்டியிருந்தது. "அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாதுடா! தப்புத்தான்! தப்புத்தான்டா!"

கழுதைகள் காதை நிமிர்த்தின. எக்தோர்கூடக் கூடாரத்திலிருந்து வெளியே வந்துவிட்டார்.

அக்கரையில் செவேரோ குதிரையின் பிடரியிலிருந்து கையை எடுத்தான். பிறகு தொப்பியை அழுத்திக்கொண்டு, யாரும் ஏறக்கூடாத அந்தக் குதிரைமேல் சேணம்கூட இல்லாமல் தாவி ஏறினான். அவனுடைய செங்குதிரை மேல்புல்லில் மேய்ந்துகொண்டிருந்தது, போய்ப் பிடித்து வர நேரமில்லை. பலோமா முழங்கால் அளவு, வயிறு அளவு என்று இறங்கியது. மணி தண்ணீரில் மூழ்கி ஊமையாகி மறுபடி ஒலித்தது. ஒன்பது கழுதைகளும் பின்னாலேயே வந்தன.

கரையேறியதும் செவேரோ யார் முகத்தையும் பார்க்காமல் கீழே குதித்தான். குனிந்து பலோமாவின் காலைப் பார்த்தான். "புண்ணாயிருக்கு" என்றான், பொதுவாக ஆற்றைப் பார்த்து.

"கொழுப்புத் தடவிருக்கேன்" என்றார் எலாதியோ, அவரும் ஆற்றைப் பார்த்து.

"தளைக்கு உள்பக்கம் கம்பளி சுத்தணும். அப்பா சுத்துவாரு."

"ஆமா. சுத்துவாரு."

இனி அவன் திரும்பிப் போக வேண்டும். பலோமாவில் ஏறிப் போனால் கழுதைகளும் கூடவே போய்விடும். எலாதியோ தன் கழுதைக்குச் சேணம் கட்டி ஏறி, தனக்குப் பின்னால் கழுதையின் முதுகைத் தட்டிக் காட்டினார். செவேரோ ஏறி உட்கார்ந்தான். தாயை விட்டு விலகப் பிடிக்காத கழுதை இரண்டு உதை வாங்கிய பிறகுதான் தண்ணீரில் இறங்கியது.

நடு ஆற்றில் அது கால் ஊன்ற இடம் தேடித் தயங்கியபோது செவேரோ இரண்டு கையாலும் அண்ணனின் இடுப்பைக் கட்டிக்கொண்டான். சின்ன வயதில் அப்பா ஒரே கழுதையில் இரண்டு பேரையும் ஏற்றி அனுப்பும்போது பிடிப்பானே, அந்தப் பிடி. விலா வலித்தது. எலாதியோ மூச்சைப் பிடித்துக்கொண்டார், விட்டால் அந்தக் கை தளர்ந்துவிடுமோ என்று. எப்படிடா இருக்க என்று கேட்க நினைத்தார். பெண்டாட்டி சௌக்கியமா, பிள்ளை இருக்கா, ஆடு எத்தனை என்று கேட்க நினைத்தார். எதைக் கேட்டாலும் இத்தனை நாள் கேட்காததும் சேர்ந்து கேட்கும் என்று பட்டது. அதற்குள் கரை வந்துவிட்டது.

செவேரோ இறங்கினான். பூட்ஸிலிருந்து தண்ணீரைக் கொட்டினான். பிறகு அண்ணனை நேராகப் பார்த்தான்.

"அண்ணே, அடுப்புல தண்ணி கெடக்கு."

அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வா, உட்கார், மாத்தே குடி.

எலாதியோ திரும்பி இக்கரையைப் பார்த்தார். டாக்டரம்மாவும் கணவரும் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்கள். ஓரப் பாறையில் ஈரம் ஒரு விரல்கடை ஏறியிருந்தது. முப்பது வருடப் பழக்கம் அவர் வாயிலிருந்து பேசிவிட்டது.

"தண்ணி ஏறுதுடா."

செவேரோ ஆற்றைப் பார்த்தான். "ஆமா. ஏறுது. போ" என்றான்.

போனார். பாதி ஆற்றிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, என்ன காரியம் செய்தோம் என்று. பதினொரு வருடம் பூட்டிக் கிடந்த வாய், அழைப்பு வந்தபோது ஆற்று நிலவரம் சொல்லியிருக்கிறது. ஒரு குடுவை குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நின்றபடியே உறிஞ்சிவிட்டு வந்திருக்கலாம். ஒரு நாள் தாமதமாகியிருந்தால்தான் என்ன, அந்த டாக்டரம்மாவே போய் இருந்துவிட்டு வாங்க என்றிருப்பாள். திரும்பிப் பார்த்தார். செவேரோ வீட்டுக்குள் போய்விட்டிருந்தான்.

"என்ன சொன்னாரு?" என்று ஆவலாகக் கேட்டாள் டாக்டரம்மா.

"தண்ணி ஏறுது, போன்னான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுச் சுமைகளைக் கட்டத் தொடங்கினார். அன்றைக்கு இரண்டு முடிச்சுகளை அவிழ்த்து மறுபடி போட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு, அந்தக் கோடையின் கடைசி நடைக்கு முன், மேலும் இரண்டு கூட்டத்தை அழைத்துக்கொண்டு போனார். பலோமாவின் கால் ஆறிவிட்டது. தளைக்கு உள்ளே கம்பளியும் சுற்றியிருந்தார். மற்ற இடங்களில் மறக்காமல் தளை போட்டார். தம்பி வீட்டுக்கு எதிரில் மட்டும் போடவில்லை. தன் கழுதையை இப்போது புதரில் அல்ல, பாறையில் சங்கிலியால் கட்டினார். குதிரை அக்கரைக்குப் போனால் அதைத் தேடிக்கொண்டு அவர் போக வேண்டுமே.

சும்மா போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "சும்மா எப்படிப் போறது?" என்றார். கூப்பிட்டவனுக்கு முகத்தில் அடித்தாற்போல் பதில் சொல்லிவிட்டு வந்தவர், கையில் ஒரு காரணம் இல்லாமல் போய் நிற்கக் கூசினார். வீம்பு போய்விட்டது, அது இருந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டும் ஆளை நகரவிடாது.

சாயங்காலம் புகையைப் பார்ப்பார். ஒருநாள் செவேரோ வெளியே வந்து இக்கரையைப் பார்த்தபடி நின்றான். எலாதியோ கையை உயர்த்தினார். இருட்டிக்கொண்டு வந்ததால் அவன் பதிலுக்கு உயர்த்தினானா என்று தெரியவில்லை. விடியலில் அவசரமாக எழுந்து பார்ப்பார். பலோமா பத்தடி தள்ளி நின்று புல் கடித்துக்கொண்டிருக்கும். நாலு தடவை அப்படித்தான் ஆயிற்று. கடைசித் தடவை, கூட வந்தவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, அவளைத் தண்ணீர்வரை தள்ளிக்கொண்டே போனார். "போயேன்டி. அன்னிக்கு நீயாத்தான போன? இன்னிக்கு என்ன வந்துச்சு உனக்கு?" குதிரை நாலு காலையும் ஊன்றிக்கொண்டு அவரையே பார்த்தது. யாருமில்லாத ஆற்றங்கரையில் ஒரு கிழக்குதிரையிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கிறோமே என்று தோன்றியதும் அவருக்கு அழுகை வந்தது. அழுதார். முகத்தைக் கழுவிக்கொண்டு மாத்தே வைத்தார்.

மார்ச் நடுவில் அந்த வருடத்தின் கடைசி நடை. கோர்தோபா நகரத்துப் பையன்கள் மூன்று பேர், கல்லூரி முடித்தவர்கள். போகும்போது எதிர்க்கரையில் புகை தெரிந்தது, பலோமா அன்றும் நகரவில்லை; மேகம் அப்போதே கட்டியிருந்தது. திரும்பும்போது கணவாயில் பனி கொட்டியது. நனைந்து நடுங்கி ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தபோது பனிமழையில் எதிர்க்கரை கண்ணுக்கே தெரியவில்லை. எலாதியோ ஒரு பையில் ஒரு கிலோ மாத்தே இலை தனியாகக் கொண்டுவந்திருந்தார், நல்ல இலை, காகிதம் பிரிக்காதது. அதை நனையாமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். குதிரைக்குத் தளை போடவில்லை.

விடியலில் மணி கேட்கவில்லை.

எழுந்து வெளியே வந்தார். வானம் வெளுத்திருந்தது. மலைகள் கீழ்வரை வெள்ளையாக இருந்தன. ஆறு குளிரில் சுருங்கி அமைதியாக ஓடிற்று. அக்கரையில், தம்பியின் பட்டிக்குள், பலோமாவும் சுற்றி எட்டு கழுதைகளும்.

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பையன்களின் கூடாரத்தைத் தட்டினார். "தம்பிகளா, குதிரை அக்கரைக்குப் போயிருச்சு. நான் போய்ப் பிடிச்சிட்டு வரணும்."

"எவ்ளோ நேரம் ஆகும்ணே?" உள்ளிருந்து ஒரு குரல்.

"அது ஆகும். ரொம்ப நேரம் ஆகும். நாளைக்கு விடியக்காலைலதான் வருவேன். ரொட்டி இருக்கு, கறி இருக்கு, நல்லாத் தூங்குங்க."

சங்கிலியை அவிழ்த்து, இலைப் பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கழுதையை ஆற்றில் இறக்கினார். என்ன சொல்வது என்று இத்தனை நாளில் நூறு தடவை ஒத்திகை பார்த்தாயிற்று. குதிரையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. நடு ஆற்றுக்கு வந்ததும் பொறுக்க முடியாமல் கூவினார். "டேய் செவேரோ! தண்ணி கொதிச்சிருச்சாடா?"

செவேரோவின் ஆட்டு நாய் குரைக்கவில்லை.

கரையேறினார். பட்டியின் வாயில் திறந்து கிடந்தது. ஆட்டுப் புழுக்கைகள் மழையில் ஊறிக் கரைந்திருந்தன; ஆடுகள் போய் மூன்று நாலு நாளாவது இருக்கும். பனி வரும் என்று மோப்பம் பிடித்தவன் முன்னதாகவே இறக்கி ஓட்டிக்கொண்டு போய்விட்டான். நல்ல ஆட்டுக்காரன் அதைத்தான் செய்வான். பலோமா பட்டிக்குள் கல்சுவரை ஒட்டி நின்றிருந்தது. அந்தச் சுவர் மேல்காற்றை மறைத்தது. அதற்காகத்தான் ஆற்றைக் கடந்து வந்திருக்கிறது. யாரையும் தேடி வரவில்லை.

வீட்டுக் கதவு கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. எலாதியோ கம்பியைப் பிரித்து உள்ளே போனார். ஒரு கட்டில், ஒரு மரப்பெட்டி, கழுவிக் கவிழ்த்த கெட்டில். உட்கார ஒரே ஒரு கட்டை இருந்தது. அவனும் இங்கே தனியாகத்தான் குடித்திருக்கிறான் என்று அந்தக் கட்டையைப் பார்த்ததும் தெரிந்தது. அடுப்பை மூட்டலாமா என்று யோசித்தார். மூட்டவில்லை. இலைப் பையை எலி எட்டாதபடி உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார். பேர் எழுதிவைக்கப் பென்சில் தேடினார், கிடைக்கவில்லை. கதவைச் சாத்திக் கம்பியை முன்பு இருந்ததுபோலவே முறுக்கினார்.

பலோமாவைக் கயிற்றில் பிடித்து ஆற்றில் இறக்க, கழுதைகள் பின்தொடர்ந்தன. வெயில் இன்னும் பள்ளத்தாக்கைத் தொடவில்லை. இக்கரைக்கு வந்தபோது பையன்களில் ஒருவன் ஒரு காலில் மட்டும் பூட்ஸ் மாட்டியபடி கூடாரத்து வாசலில் நின்றான்.

"என்னண்ணே, நாளைக்குத்தான் வருவேன்னீங்க?"

"உடனே கெடச்சிருச்சுப்பா" என்றார் எலாதியோ. "மூட்டையக் கட்டுங்க, போலாம்."

ஆட்டுக்காரர்கள் மறுபடி மேலே வரும் டிசம்பருக்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது.